மருந்தென்று பேர் வைத்தோம்

இரண்டாம் ஆண்டு பி.எஸ்ஸி., விலங்கியல்

தமிழில் 'மருந்து' என்பது பெரிய சொல். பிணி தீர்ப்பதும் மருந்து. பெற்றவளுக்குப் பிரசவம் ஆனதும் இடித்துக் கொடுப்பதும் மருந்து. இவ்வளவு நல்ல சொல்லை எடுத்து நாம் எதற்கெல்லாம் வைத்திருக்கிறோம் என்று எண்ணிப் பாருங்கள். எலியைக் கொல்வது எலி மருந்து. பயிரிலுள்ள புழுவைக் கொல்வது பூச்சி மருந்து. மாட்டின் மடியிலும் காதிலும் அப்பிக் கிடக்கும் உண்ணியைக் கொல்வது உண்ணி மருந்து. நஞ்சுக்கு மருந்தென்று பேர் வைத்தோம்; பேர் வைத்த பிறகு அதை மருந்தைப் போலவே கையாளவும் தொடங்கிவிட்டோம். வெறுங்கையால் தொடுகிறோம், கண்ணளவாக ஊற்றுகிறோம், "கொஞ்சம் கூடினால்தான் என்ன, சீக்கிரம் கேட்கும்" என்கிறோம்.

பெருமதிப்பிற்குரிய பேராசிரியப் பெருமக்களே, அன்பு நண்பர்களே! இந்தப் பொருளை நான் எடுத்துக் கொண்டதற்குக் காரணம் உண்டு. நம் கல்லூரியில் படிப்பவருள் பெரும்பாலோர் ஆடு மாடு கட்டியிருக்கும் வீடுகளிலிருந்து வருகிறோம். எங்கள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்த முதல் ஆள் நான். என் புத்தகச் செலவும் விடுதிச் செலவும் பால் சொசைட்டியில் வாரந்தோறும் என் தாயார் வாங்கும் பணத்திலிருந்து வருகின்றன. ஆகவே மாட்டுக்குத் தடவும் நஞ்சைப் பற்றி எழுதுவது எனக்கு வெறும் பாடம் அன்று. அது எங்கள் வீட்டுச் சங்கதி.

உண்ணி சாதாரண எதிரியா?

முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லி விடுகிறேன். நஞ்சே வேண்டாம் என்று வாதாட நான் வரவில்லை. உண்ணி வெறும் இரத்தத்தை மட்டும் குடித்துவிட்டுப் போவதில்லை. நோயையும் விட்டுப் போகிறது. அமெரிக்காவில் மாடுகளைக் கூட்டம் கூட்டமாகக் கொன்ற டெக்சாஸ் காய்ச்சலைப் பரப்புவது உண்ணியே என்று தியோபால்டு ஸ்மித்தும் கில்போர்னும் 1893-இல் நிறுவினார்கள். ஒரு நோயைக் கணுக்காலி ஒன்று ஓர் உடலிலிருந்து மற்றோர் உடலுக்குக் கொண்டு செல்கிறது என்பதற்குக் கிடைத்த ஆரம்பகாலச் சான்றுகளுள் அது முக்கியமானது. நம் நாட்டிலும் பபீசியா, தைலீரியா போன்ற ஒட்டுண்ணிகளை உண்ணிகளே பரப்புகின்றன. கலப்பினக் கறவை மாடு ஒன்று தைலீரியா நோயில் விழுந்தால் அந்த வீட்டில் அடுப்பெரிவதே சிரமம். 1957-இல் கர்நாடகத்தின் கியாசனூர்க் காட்டில் குரங்குகளையும் மனிதரையும் கொன்ற காய்ச்சலைப் பரப்பியதும் உண்ணிதான்.

எனவே மனிதன் உண்ணியோடு போரிட்டது நியாயமே. ஆனால் அவன் கையிலெடுத்த ஆயுதங்களின் வரலாற்றைப் பாருங்கள். முதலில் ஆர்சனிக். 1906-இல் அமெரிக்கா தொடங்கிய உண்ணி ஒழிப்பில் ஆர்சனிக் கலந்த தொட்டிகளில் மாடுகளை இறக்கினார்கள். அடுத்து டி.டி.டி. அதன் பூச்சி கொல்லும் ஆற்றலை 1939-இல் கண்டறிந்த பால் முல்லருக்கு 1948-இல் நோபல் பரிசே கிடைத்தது. அது கொழுப்பில் தங்கும், பாலில் இறங்கும் என்பது பின்னர்தான் உறைத்தது. இந்தியாவில் விவசாயத்தில் டி.டி.டி.யைப் பயன்படுத்த 1989-இல் தடை வந்தது. அதன் உறவினரான பி.எச்.சி.க்கு 1997-இல் தடை. ஆர்கனோபாஸ்பேட், கார்பமேட், பைரித்ராய்டு, அமிட்ராஸ், ஐவர்மெக்டின் என்று பட்டியல் நீள்கிறது. ஒவ்வொன்றும் வரும்போது 'இது பாதுகாப்பானது' என்ற பெயரோடுதான் வந்தது.

நரம்பில் நடப்பது என்ன?

நம் பாடத்திட்டத்தில் 'சினாப்ஸ்' உண்டு. படம் வரைந்து பாகம் குறிக்கச் சொன்னால் நம்மில் பலர் கண்ணை மூடிக்கொண்டு வரைந்து விடுவோம். அந்தப் படத்தில்தான் உண்ணி மருந்து வேலை செய்கிறது என்பதை எத்தனை பேர் எண்ணிப் பார்த்திருக்கிறோம்?

நரம்பிழை ஒன்று முடிகிற இடத்திற்கும் அடுத்தது தொடங்குகிற இடத்திற்கும் நடுவே மிகச் சிறிய இடைவெளி. அதைத் தாண்டிச் சேதியைக் கொண்டு செல்லும் தூதுவன் அசிட்டைல்கோலின். தவளையின் இதயத்தை வைத்து 1921-இல் ஆட்டோ லோவி செய்த சோதனை இப்படியொரு தூதுவன் உண்டு என்பதைக் காட்டியது. தூதுவன் சேதியைச் சொல்லி முடித்ததும் அவனை உடனே அப்புறப்படுத்த ஒரு காவலன் காத்திருக்கிறான். அவன் பெயர் கோலினெஸ்டிரேஸ் என்னும் நொதி.

மாலத்தியான், டயசினான், கூமபாஸ் முதலிய ஆர்கனோபாஸ்பேட் நஞ்சுகள் இந்தக் காவலனின் கையைக் கட்டிப் போடுகின்றன. தூதுவன் போகாமல் நின்று அதே சேதியைத் திரும்பத் திரும்பக் கூவுகிறான். உண்ணி துடித்துச் செயலற்றுச் சாகிறது. இதே தூதுவனும் இதே காவலனும் மாட்டின் உடலிலும் உண்டு. நம் உடலிலும் உண்டு. அதனால்தான் நஞ்சு ஏறிய மனிதனுக்கு வாயில் எச்சில் ஒழுகுகிறது, கண்ணில் நீர் வழிகிறது, கண்மணி ஊசி முனையாகச் சுருங்குகிறது, வயிறு போகிறது, தசைகள் துள்ளுகின்றன. நுரையீரலுக்குள் சளி பெருக, மூச்சுத் தசைகள் தளர்ந்து போகின்றன. கவனிக்காவிட்டால் உயிர் பிரிவது மூச்சு நின்றுதான்.

கார்பமேட்டுகளும் அதே காவலனைத்தான் கட்டுகின்றன. ஆனால் கட்டு தளர்ச்சியானது. சில மணி நேரத்தில் தானாக அவிழும். நாய்க்குத் தூவும் தெள்ளுப்பூச்சிப் பொடிகளில் நெடுநாள் இருந்த கார்பரில் இவ்வகையைச் சேர்ந்தது. அதைத் தயாரிக்க வைத்திருந்த மீத்தைல் ஐசோசயனேட்டு என்ற மூலப்பொருள்தான் 1984 டிசம்பர் 2-3 இரவில் போபால் நகரத்தின் மீது கசிந்து ஆயிரக்கணக்கான உயிர்களைக் குடித்தது.

பைரித்ராய்டுகளின் வழி வேறு. நரம்பிழையில் மின்னோட்டம் பாய்வதற்குச் சோடியம் வாயில்கள் ஏரி மதகைப் போலத் திறந்து திறந்து மூட வேண்டும். டெல்டாமெத்ரின், சைபர்மெத்ரின் போன்றவை அந்த மதகை மூடவிடாமல் பிடித்துக்கொள்கின்றன. அமிட்ராஸ் இன்னொரு வழி. உண்ணியின் நரம்பிலுள்ள ஆக்டோபமின் என்ற வேதிப்பொருளின் இடத்தில் தான் போய் உட்கார்ந்துகொள்கிறது. ஐவர்மெக்டின், முதுகெலும்பற்ற உயிர்களின் நரம்பிலுள்ள குளோரைடு வாயிலைத் திறந்து வைத்து அவற்றை முடக்கிவிடுகிறது.

மாடு ஏன் பிழைக்கிறது?

உண்ணி சாகிறது, மாடு நிற்கிறது. 'ஆகவே இது உண்ணிக்கு மட்டும் நஞ்சு' என்று நினைத்துக்கொள்கிறோம். அது தவறு. மாலத்தியானை நம் கல்லீரலிலுள்ள நொதிகள் விரைவாக உடைத்து விடுகின்றன. பூச்சிக்கு அந்த வசதி குறைவு. பைரித்ராய்டையும் நம் உடல் விரைவாகச் சிதைக்கிறது. ஐவர்மெக்டின் நம் மூளைக்குள் எளிதில் நுழைய முடியாதபடி ஒரு தடுப்பு இருக்கிறது. வேறுபாடு இவ்வளவுதான். மதில் ஒன்று இருக்கிறது. ஆனால் அது ஏற முடியாத மதில் அன்று.

சில உயிர்களுக்கு அந்த மதிலும் இல்லை. நாய்க்குப் போடும் பெர்மெத்ரினைப் பூனைக்குப் போட்டால் பூனை வலிப்பு வந்து சாகக்கூடும். அந்நஞ்சைச் சிதைத்து வெளியேற்றும் நொதி பூனையின் கல்லீரலில் போதாது. கோலி இன நாய்கள் பலவற்றிற்கு மரபணுக் குறைபாட்டால் மூளைத் தடுப்பு வேலை செய்வதில்லை. அதிக அளவு ஐவர்மெக்டின் அவற்றை மயக்கத்தில் தள்ளுகிறது. மீனுக்குப் பைரித்ராய்டு கொடிய நஞ்சு. மாட்டைக் கழுவிய தண்ணீரைக் குளத்தில் விடுகிறவர்கள் இதை நினைவில் வைக்க வேண்டும்.

'அளவுக்கு மிஞ்சினால் அமுதமும் நஞ்சு' என்பது நம் பழமொழி. இந்தப் பொருள்கள் அமுதமே அல்ல. அளவுக்குள் நின்றால் பயன்படும் நஞ்சுகள். ஆகவே இங்கே அளவுதான் எல்லாம்.

ஒரு சிறு கணக்குப் போட்டுப் பார்ப்போம். அமிட்ராஸ் 12.5 சதவீதக் கரைசலாக விற்கிறது. அதில் 2 மில்லியை 1 லிட்டர் நீரில் கலந்தால் கிடைப்பது 0.025 சதவீதம். அதாவது புட்டியில் இருப்பது மாட்டின் மேல் படவேண்டியதைவிட 500 மடங்கு கடுமையானது. கலந்த நீர் ஒரு குவளை கையில் பட்டதற்கும், புட்டியிலுள்ளது ஒரு சொட்டுப் பட்டதற்கும் உள்ள வேறுபாடு இப்போது விளங்குகிறதல்லவா? 'ஒரு மூடி ஊற்று' என்று யாரோ சொல்ல, அந்த மூடி 20 மில்லி கொள்ளுமானால், மாட்டின் மேல் விழுவது பத்து மடங்கு.

இங்கிலாந்தில் செம்மறி ஆடுகளின் சொறிநோயை ஒழிக்க 1976 முதல் 1992 வரை ஆடுகளைத் தொட்டியில் முக்குவது சட்டப்படி கட்டாயமாக இருந்தது. அந்நாளில் பெரிதும் பயன்பட்டவை டயசினான் போன்ற ஆர்கனோபாஸ்பேட்டுகள். அங்குள்ள விவசாயிகள் பலர் தலைவலி, சோர்வு, நரம்புக் கோளாறு என்று நெடுங்காலம் முறையிட்டார்கள். ஆராய்ந்தபோது, ஆட்டைத் தொட்டியில் முக்குவதைவிட, புட்டியைத் திறந்து கடுங்கரைசலை ஊற்றும் அந்தச் சில நிமிடங்களே பெரிய ஆபத்து என்று தெரியவந்தது. படித்த நாடு, கையுறை வாங்கக் காசுள்ள நாடு. அங்கேயே இப்படி என்றால் நம் பட்டியில் குனிந்து நிற்கும் பெண்களின் நிலையை எண்ணிப் பாருங்கள்.

பெயர் தெரியாத புட்டி

சென்ற ஆண்டு கோடை விடுமுறையில் எங்கள் தெருப் பையன் ஒருவன் எருமைக்கு உண்ணி மருந்து பூசினான். சந்தைக்கடை ஒன்றில், பெரிய டப்பாவிலிருந்து குளிர்பானப் புட்டியில் ஊற்றிக் கொடுத்தது அது. சட்டையைக் கழற்றிவிட்டு, துணியை அதில் நனைத்து வெறுங்கையால் தேய்த்தான். பொழுது சாயும்போது வாந்தி; பிறகு கண் சொருகத் தொடங்கியது. பெரியவர்கள் ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினார்கள். டாக்டர் கேட்ட முதல் கேள்வி: "என்ன மருந்து?"

"உண்ணி மருந்துங்க" என்றார் அவன் தகப்பனார்.

"அது தெரியுது. பேர் என்ன?"

ஒருவருக்கும் தெரியவில்லை. புட்டியின் மேல் ஆரஞ்சுப் பழம் படம் போட்டிருந்தது.

பையன் இரண்டு நாள் கண்காணிப்பில் இருந்து பிழைத்து வந்தான். ஆனால் அந்தக் கேள்வியின் ஆழம் எனக்குப் புரிந்தது நூலகத்தில் உட்கார்ந்து படித்த பிறகுதான். ஆர்கனோபாஸ்பேட் என்றால் அட்ரோபின் கொடுக்க வேண்டும். கட்டுண்ட நொதியை விடுவிக்கப் பிராலிடாக்சிம் என்ற மருந்தும் உண்டு. அதிலும் காலந்தாழ்ந்தால் நொதியின் கட்டு இறுகிப் போய், விடுவிக்க முடியாமல் போகிறது. அமிட்ராஸ் என்றால் கதை வேறு. அதிலும் கண்மணி சுருங்கலாம், நாடித்துடிப்பு குறையும், மயக்கம் வரும். மேலோட்டமாகப் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல் தோன்றும். ஆனால் அமிட்ராசில் இரத்தச் சர்க்கரை ஏறும், கோலினெஸ்டிரேஸ் குறையாது, மனிதருக்கு அதற்கென்று தனி முறிமருந்தும் இல்லை. அறிகுறிக்கேற்ப மூச்சையும் நாடியையும் காப்பதே சிகிச்சை. ஒன்றை மற்றொன்றாக எண்ணினால் நோயாளிக்குத் தேவையற்ற மருந்து ஏறும். ஆகவே புட்டியின் மேலுள்ள பெயர் வெறும் விளம்பரம் அன்று. சிகிச்சையின் சரிபாதி அதுவே.

சட்டம் இல்லாமல் இல்லை. 1958-இல் கேரளத்தில் பாரத்தியான் கலந்துபோன கோதுமை மாவை உண்டு 100-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அதன் பிறகு 1968-இல் பூச்சிக்கொல்லிச் சட்டம் வந்தது. பயிருக்கு அடிக்கும் நஞ்சுப் புட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று கடுமைக்கேற்ற நிறத்தில் அடையாளம் இருக்க வேண்டும் என்பது விதி. கார்பரிலும் டயசினானும் 2018-இல் தடை செய்யப்பட்டன. டைக்குளோர்வாசும் டிரைகுளோர்பானும் 2020 டிசம்பர் 31 முதல் தடை செய்யப்பட்டன. இவை நல்ல சட்டங்களே. ஆனால் பெரிய டப்பாவிலிருந்து குளிர்பானப் புட்டிக்கு நஞ்சு மாறும் அந்த ஒரு நிமிடத்தில் சிவப்பு முக்கோணமும் போகிறது; அளவும் போகிறது; பெயரும் போகிறது; சட்டமே போய்விடுகிறது. புட்டி முழுதாக வந்தாலும், அதிலுள்ள எழுத்து எறும்பு ஊர்ந்ததுபோல் இருக்கிறது. அதைப் படிக்க என் தாயார் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள்.

இயற்கை என்றால் தீங்கில்லையா?

'இந்த வம்பெல்லாம் வேண்டாம். பாட்டி வைத்தியத்திற்கே திரும்பிவிடலாம்' என்று சிலர் சொல்லக் கேட்கிறேன். பாட்டியின் அறிவை நான் மதிக்கிறேன். வேம்பு, வசம்பு, பூண்டு, மஞ்சள் முதலியவற்றை அரைத்துத் தெளிக்கும் முறையைக் கால்நடை அறிஞர்களும் இன்று பரிந்துரைக்கிறார்கள். ஆனால் 'செடியிலிருந்து வந்தால் தீங்கில்லை' என்பது விஞ்ஞானம் ஆகாது. பைரித்ராய்டின் மூதாதை ஒரு பூ; சாமந்திக் குடும்பத்தைச் சேர்ந்தது. ஐவர்மெக்டின் ஜப்பானிய மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து பிறந்தது; அதற்காக ஒமுராவும் கேம்பலும் 2015-இல் நோபல் பரிசு பெற்றார்கள். நம் வேலியோரத்து உண்ணிச்செடியின் இலையைத் தின்ற மாட்டுக்குக் கல்லீரல் கெடுகிறது. வேப்பெண்ணெயைக் கைக்குழந்தைக்குப் புகட்டி ஆபத்தில் முடிந்ததும் உண்டு. கேட்க வேண்டியது 'எங்கிருந்து வந்தது?' என்பதன்று; 'எவ்வளவு, எப்படி, யார் மேல்?' என்பதே.

இன்னோர் உண்மையும் உண்டு. நாட்டு மாட்டு உண்ணிகள் பல நஞ்சுகளுக்கு எதிர்ப்பாற்றல் பெற்றுவிட்டன. பழைய அளவில் உண்ணி சாகாதபோது நாம் அளவைக் கூட்டுகிறோம். எதிர்ப்பாற்றல் உள்ள உண்ணி அப்போதும் பிழைக்கிறது. கூடிய அளவு நம் மேலும் மாட்டின் மேலும் விழுகிறது. வயிறு முட்டக் குடித்த பெண் உண்ணி கீழே விழுந்து தொழுவத்து வெடிப்புகளில் ஆயிரக்கணக்கில் முட்டையிடுகிறது. ஆகவே வெடிப்பைப் பூசி அடைப்பதும், சாணக் குப்பையைத் தள்ளிப் போடுவதும், கோழிகளை மேயவிடுவதும், கால்நடை மருத்துவர் சொற்படி நஞ்சை மாற்றுவதும் அளவைக் கூட்டுவதைவிட அறிவுடைய செயல்கள்.

நாம் செய்யக் கூடியது

இதில் கல்லூரி மாணவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். நிரம்ப இருக்கிறது. சினாப்ஸ் பாடத்தை நடத்தும் அன்று ஓர் உண்ணி மருந்துப் புட்டியைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்து, 'இது அந்தப் படத்தில் எந்த இடத்தில் வேலை செய்கிறது?' என்று கேட்குமாறு என் பேராசிரியர்களைப் பணிவோடு வேண்டுகிறேன். அந்தப் பாடத்தை நாங்கள் சாகும்வரை மறக்கமாட்டோம். நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்குப் போகும்போது சாலை போடுவதோடு, அந்த ஊர்க் கடைகளில் விற்கும் கால்நடை நஞ்சுகளின் பெயர், அளவு, முதலுதவி ஆகியவற்றைப் பெரிய தமிழ் எழுத்தில் ஒரே தாளில் எழுதிப் பால் சொசைட்டிச் சுவரில் ஒட்டலாம்.

அந்தத் தாளில் இருக்க வேண்டியவை அதிகமில்லை. மூடியால் அளக்காதே, அளவுக்குழாயால் அள. ரப்பர் கையுறை போடு. காற்றுக்கு எதிரே நின்று தெளிக்காதே. வேலை முடிந்து சோப்புப் போட்டுக் கழுவாமல் பீடியையோ சோற்றையோ தொடாதே. மாட்டின் புண்ணில் பூசாதே. அது நக்காமல் பார்த்துக்கொள். எத்தனை நாள் பாலை விற்கக்கூடாது என்று கேட்டுத் தெரிந்துகொள். அந்தப் பால் யாரோ ஒரு குழந்தைக்குப் போகிறது. மாட்டுக்கு வாங்கியதைப் பெண் குழந்தையின் தலையில் பேனுக்கு ஒருநாளும் தேய்க்காதே. தலைத்தோல் நஞ்சை நன்றாக உறிஞ்சும். மேலே கொட்டிவிட்டால் துணியைக் களைந்து, சோப்பு நீரால் கழுவி, 108-ஐக் கூப்பிடு. வாந்தி எடுக்க வைக்காதே. புட்டியைக் கையோடு கொண்டு போ. மாட்டுக்கு ஆகாவிட்டால் 1962-ஐக் கூப்பிடு.

கடைக்காரரும் அரசும் செய்ய வேண்டியது ஒன்றே: கால்நடை நஞ்சைச் சில்லறையாக ஊற்றி விற்பதை நிறுத்த வேண்டும். ஏழைக்கு முழுப் புட்டி வாங்கக் காசில்லை என்பார்கள். உண்மைதான். அப்படியானால் ஒரு மாட்டுக்கு ஒரு முறைக்கு வேண்டிய அளவைச் சிறு புட்டியில் அடைத்து, தமிழில் பெயரும் அளவும் அச்சிட்டு விற்கட்டும். சின்னப் பாக்கெட்டில் ஷாம்பு விற்கத் தெரிந்த நாட்டில் இது முடியாத காரியமா?

தலைமுறை தலைமுறையாக எழுத்தறியாத கைகள்தாம் இந்த நஞ்சைத் தொட்டு வந்தன. எழுத்தறிந்த முதல் தலைமுறையாக இன்று நாம் வந்திருக்கிறோம். நம் பட்டத்தைக் கண்ணாடி போட்டுச் சுவரில் மாட்டும் நாளுக்கு முன்பே, நம் வீட்டுத் தொழுவத்து இறப்பில் செருகியிருக்கும் புட்டியை எடுத்து, அதில் எழுதியிருப்பதை வீட்டாருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டுவோம். எழுத்தே இல்லாத புட்டியாக இருந்தால், அதைப் பயன்படுத்த விடாமல் தடுப்போம்.